குமரி எல்லையின் சமய வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு குழித்துறையில். அக்காவைக் கட்டிக்கொடுத்த இடம் பாறசாலை. நடுவில் களியக்காவிளை சோதனைச்சாவடி. மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்தால் இருபது வருடமாக நான்தான் கோயில், குகை, பள்ளிவாசல், தேவாலயம் என்று கூட்டிக்கொண்டு போகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. எனக்கு மனசுக்கு நெருக்கமான இடங்களில் கொஞ்சம் நீட்டிப் பேசியிருக்கிறேன்.

கன்னியாகுமரி தமிழ்நாட்டு மாவட்டம்தானே? இதை ஏன் கேரள வரலாற்றோடு சேர்த்துச் சொல்கிறீர்கள்?

1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. மொழிவாரிப் பிரிவினையில் அவை சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றங்கரை தாலுகா அந்தப் பக்கம் தங்கிவிட்டது. திருவனந்தபுரத்துக்கு முன்பு திருவிதாங்கூரின் தலைநகரம் எங்கள் பத்மநாபபுரம். ஆகவே 1956க்கு முந்தைய எந்தச் சமயக் கதையை எடுத்தாலும் அதன் ஒரு கால் இங்கேயும் மறு கால் அங்கேயும் இருக்கும்.

சாமித்தோப்பில் சிலை இல்லாமல் கண்ணாடி வைத்திருக்கிறார்களே, அது ஏன்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பதில் சொல்ல, அய்யாவழி என்ற சமய வழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டரின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

1809 வாக்கில் இன்றைய சாமித்தோப்பில் ஒரு எளிய நாடார் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பெற்றோர் பொன்னுமாடன், வெயிலாள். பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சாதியில் பிறந்த குழந்தைக்கு முடியும் பெருமாளும் கூடாது என்று மேல்சாதியார் எதிர்த்ததால் முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று என்பது இங்கே எல்லோரும் சொல்லும் செய்தி. ஒரு குழந்தையைக் கூப்பிடும் பெயரில்கூட அடுத்தவர் கை வைத்த காலம் அது.

இருபத்து நாலு வயதில் கடும் நோயில் விழுந்த அவரைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போனார்கள். கடலுக்குள் போனவர் மூன்றாம் நாள் வைகுண்டராக எழுந்து வந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. 1833, கொல்லம் ஆண்டு 1008 மாசி 20. இன்றும் மாசி 20 அன்று நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்கு ஊர்வலம் போகிறது.

கண்ணாடிக்கு வருவோம். பதியின் (அய்யாவழிக் கோயிலைப் பதி என்போம்) பள்ளியறையில் இரு பக்கமும் விளக்கு எரிய நடுவே கண்ணாடி இருக்கும். வணங்கப் போகிறவர் தன் முகத்தையே பார்ப்பார். தெய்வம் உனக்குள்ளேதான் இருக்கிறது என்பது அதன் பொருள். தெருவில் நடக்கும்போதே இத்தனை அடி விலகி நில் என்று சொல்லப்பட்டவர்களுக்கு இது சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். கோயில் வாசலுக்கே வர முடியாதவர், கருவறை இருக்க வேண்டிய இடத்தில் தன் முகத்தைப் பார்க்கிறார். நான் பத்து வயதில் பாட்டாவோடு போனபோது கண்ணாடியில் விளக்குகளுக்கு நடுவே என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். “பயப்படாதே மக்கா, உன்னையேதான் கும்பிடுகிறாய்” என்றார் பாட்டா.

ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போக வேண்டும் என்கிறார்களே?

ஆமாம். சட்டையைக் கழற்றிவிட்டுத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். மற்றக் கோயில்களில் துண்டை இடுப்பில் கட்டுவது பணிவு. இங்கே தலையில் கட்டுவது வழிபாடு. தலைப்பாகை மேல்சாதியாருக்கே உரியது என்றிருந்த நாட்டில், எல்லோரும் கட்டுங்கள், அப்படிக் கட்டித்தான் கடவுள் முன் நில்லுங்கள் என்று அய்யா சொன்னார். நெற்றியில் நாமம், தலையில் பாகை என்று ஆயிரம் பேர் ஒன்றாக நிற்பதைப் பார்த்தால் 1830களில் அது அரண்மனைக்கு ஏன் உறுத்தியது என்று புரியும்.

அவரைச் சிறையில் வைத்தது எதற்காக?

கூட்டம் சேர்ந்தது ஒரு காரணம். அவர் பேசியது இன்னொரு காரணம். திருவிதாங்கூர் அரசை அனந்தபுரி நீசன் என்றும் வெள்ளைக்காரர் ஆட்சியை வெண்ணீசன் என்றும் நேராகவே சாடியவர் அவர். மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் கைது செய்து திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அடைத்தார்கள். சுமார் 110 நாள். 1839 மாசியில் வெளியே வந்தார். அதற்குப் பிறகு துவையல் தவசு என்ற ஒன்றை நடத்தினார். 700 குடும்பங்கள் கடற்கரையோரம் ஒன்றாகத் தங்கி, துணி துவைத்து, குளித்து, ஒருவேளை உணவில் கூட்டாக வாழ்ந்தார்கள். அழுக்கு என்று ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் மதிப்பைத் தாங்களே உண்டாக்கிக்கொண்ட பயிற்சியாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன்.

சாமித்தோப்பில் முத்திரிக்கிணறு என்று ஒன்று இருக்கிறது. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க வேண்டும் என்று அவர் ஏற்படுத்தியது. அகிலத்திரட்டு அம்மானை என்ற பெரிய நூல் அவருடைய சீடர் அரிகோபாலன் எழுதியது. முதலில் அச்சானது 1939ல். அதுவரை ஏடுகளாகவே படித்தார்கள். அய்யா 1851ல் வைகுண்டம் ஏகினார்.

தோள்சீலைப் போராட்டம் இந்து, கிறிஸ்தவச் சண்டையா?

அப்படிச் சுருக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1806ல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் லண்டன் மிஷன் சார்பில் மயிலாடிக்கு வந்தார். அவரை அழைத்து வந்தவர் மயிலாடிக்காரரான வேதமாணிக்கம். தஞ்சாவூர் வரை போய் அங்கே கிறிஸ்தவத்தைக் கண்டு திரும்பியவர். மிஷன் வளர வளர, மதம் மாறிய பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டார்கள். மார்பை மறைக்கக் கூடாது என்று வழக்கம் இருந்த நாட்டில் அது பெரிய மீறல். சந்தையிலும் வழியிலும் துணியைக் கிழித்தார்கள், தேவாலயங்களை எரித்தார்கள். 1822ல் தொடங்கி 1859 வரை விட்டுவிட்டு நடந்தது. 1829ல் வந்த அரச ஆணை உரிமையைச் சுருக்கியது. 1859 ஜூலை 26 ஆணைதான் மதம் மாறாத நாடார் பெண்களுக்கும் மேலுடம்பை மறைக்க அனுமதி தந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கி.

கடைசி ஆணை இரு மதத்துப் பெண்களுக்கும் பொதுவாக வந்தது என்பதைக் கவனியுங்கள். ஒரு துண்டுத் துணிக்கு முப்பத்தேழு வருடம் அடி வாங்கியவர்கள் எங்கள் பூட்டிகள். பெயர் தெரியாத அந்தப் பெண்களை நான் இந்த மண்ணின் சமய வரலாற்றில் முதல் வரிசையில் வைப்பேன்.

புனித தேவசகாயம் உண்மையில் யார்?

நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23ல் பிறந்த நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் வேலை பார்த்தவர். 1741 குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது, பிடிபட்ட தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சியாளர் ஆனார். டிலனாயின் நட்பால் கிறிஸ்தவத்தை அறிந்த நீலகண்ட பிள்ளை, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசரஸ் என்ற பெயரின் தமிழாக்கம்தான் தேவசகாயம். மனைவி பார்கவியும் ஞானப்பூ ஆனார்.

1749ல் கைது. எருக்கம்பூ மாலை போட்டு எருமை மேல் உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. தாகத்தில் அவர் முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்தது என்பது நம்பிக்கை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம். 2012 டிசம்பரில் முக்திப்பேறு பெற்றவர் என்றும், 2022 மே 15 அன்று புனிதர் என்றும் அறிவிக்கப்பட்டார். துறவி அல்லாத இந்தியர் ஒருவர் புனிதர் ஆனது அதுவே முதல்முறை.

அறிவிப்பில் ‘பிள்ளை’ என்ற சாதிப்பெயர் விடப்பட்டது. எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து பழகியதே அவர்மேல் வந்த கோபத்துக்குப் பெரிய காரணம் என்றிருக்க, அந்தப் பெயரோடு அவரைக் கூப்பிடுவது பொருந்தாது என்பதே என் எண்ணமும்.

அப்படியானால் தேவாலயங்களில் சாதி இருக்கவில்லையா?

இருந்தது. அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872ல் கட்டிய ஆலயம் கால்சட்டையின் இரு கால் போல இரண்டு கூடங்களாக இருந்தது. ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் இன்னொரு சாதி. நடுவில் சுவர். பீடத்தில் நிற்கும் குருவை இரு பக்கமும் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. 1910ல் அந்தச் சுவரை இடித்தார்கள். இதை மறைத்து தேவசகாயத்தை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

நாகர்கோவில் நாகராஜா கோயில் சமணக் கோயிலா?

தூண்களில் மகாவீரரும் பார்சுவநாதரும் இருக்கிறார்கள், நேரில் பார்க்கலாம். 1520களின் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்ற இரு சமணர்களுக்கு அரசன் நிலம் விட்ட செய்தி இருக்கிறது. ஆகப் பதினாறாம் நூற்றாண்டிலும் அங்கே சமணம் நடமாடியிருக்கிறது. இன்று நாக வழிபாடு. கருவறைக்கு ஓலைக்கூரை, பிரசாதம் மண். அந்த மண் ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெள்ளையாகவும் இருக்கும் என்பார்கள்.

சமணத்தை முழுசாக உணர வேண்டும் என்றால் மார்த்தாண்டத்திலிருந்து சிதறால் மலைக்குப் போங்கள். திருச்சாரணத்துமலை என்பது பழைய பெயர். சாரணர் என்றால் ஊர் ஊராக நடக்கும் சமணத் துறவியர். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் சிறப்பாக இருந்த இடம். அவனுடைய 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்தியார் என்ற பெண்துறவி அங்குள்ள பகவதிக்குப் பொன்னணி கொடுத்ததை வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். குரத்தி என்றால் பெண் குரு. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் இந்த மலையில் ஒரு பெண் குருவாக இருந்து, தன் பெயரில் தானம் கொடுத்து, அது கல்லிலும் ஏறியிருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அது பகவதி கோயிலாக மாறியது. அப்போதும் தீர்த்தங்கரர்களைப் பாறையிலிருந்து யாரும் செதுக்கி எறியவில்லை. காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள், அப்புறம் பாறை சுடும்.

இஸ்லாமியருக்கு இங்கே முக்கியமான இடம்?

தக்கலை பீர்முகமது அப்பா தர்கா. தென்காசியில் பிறந்து தக்கலையில் தங்கிய சூஃபி ஞானி, நெசவு செய்து பிழைத்தவர், தமிழில் ஆயிரக்கணக்கான பாடல்கள் பாடியவர். ரஜபு மாதம் 14ஆம் இரவு தர்காவில் அவருடைய ஞானப்புகழ்ச்சியை விடியவிடியக் கூட்டமாகப் பாடுவார்கள். நல்ல தமிழில் இறைவனோடு பேசும் பாட்டு அது. ஒருமுறை கேட்டுவிட்டு வாருங்கள், நான் விளக்க வேண்டியிருக்காது.

நாராயண குரு மலையாளிதானே? அவரைத் தமிழர்கள் ஏன் கொண்டாட வேண்டும்?

செம்பழந்தியில் பிறந்த மலையாளிதான். ஆனால் அவர் தவம் இருந்தது நம் மருந்துவாழ்மலையில், பிள்ளைத்தடம் குகையில். தமிழில் பதிகங்கள் பாடியிருக்கிறார், திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்திருக்கிறார். அவருக்கும், கேரளத்தின் இன்னொரு சீர்திருத்தத் துறவியான சட்டம்பி சுவாமிகளுக்கும் யோகம் சொல்லிக்கொடுத்த தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழர். திருவனந்தபுரத்தில் பிரிட்டிஷ் ரெசிடென்சியில் சூப்பிரண்டாக உத்தியோகம் பார்த்தவர். வீட்டில் எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தவர். இந்த உலகத்தில் ஒரே சாதி, ஒரே மதம், ஒரே கடவுள்தான் என்று தமிழில் அவர் சொன்னதை மலையாளிகள் இன்றும் தமிழிலேயே சொல்கிறார்கள். சட்டம்பி சுவாமிகள் கல்லிடைக்குறிச்சிக்கு வந்து தங்கிப் படித்தவர். அறிவு இப்படி மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய் வந்திருக்கிறது.

1888 சிவராத்திரியில், நெய்யாற்றங்கரைக்குப் பக்கம் அருவிப்புறத்தில், குரு ஆற்றுக்குள் மூழ்கி ஒரு கல்லை எடுத்துவந்து சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். பிரதிஷ்டை செய்ய உமக்கு என்ன அதிகாரம் என்று கேட்டவர்களிடம், நான் வைத்தது ஈழவச் சிவனை என்று சொன்னதாகச் சொல்வார்கள். ஈழவர் என்பது அவர் பிறந்த, தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த சாதி. அங்கே எழுதிவைத்த வாசகத்தின் பொருள் இது: சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் உடன்பிறப்பாய் வாழும் முன்மாதிரி இடம்.

1927ல் சேர்த்தலைப் பக்கம் களவங்கோட்டில் அவர் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். சாமித்தோப்புக் கண்ணாடியைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் ஏன் “கோவிந்தா, கோபாலா” என்கிறார்கள்?

சிவராத்திரிக்கு முந்தின நாள் முன்சிறை திருமலையில் தொடங்கி, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கும் ஓடி, திருநட்டாலத்தில் முடிப்பது சிவாலய ஓட்டம். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி. ஒவ்வொரு கோயிலிலும் சாமிக்கு விசிறிவிட்டு அடுத்த கோயிலுக்கு ஓட்டம். கதை பீமனுடையது. சிவன் பெயர் தவிர வேறு பெயர் பொறுக்காத புருஷாமிருகத்தின் முன் போய் பீமன் “கோவிந்தா, கோபாலா” என்று கத்த, அது துரத்த, கண்ணன் கொடுத்த ருத்திராட்சத்தை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே பீமன் ஓடினான். ருத்திராட்சம் விழுந்த இடமெல்லாம் சிவாலயம். பன்னிரண்டாவது இடத்தில் சிவனும் விஷ்ணுவும் ஒன்றாகச் சங்கரநாராயணராக நின்றார்கள்.

ஓட்டம் முடியும் இந்த நட்டாலம்தான் தேவசகாயம் பிறந்த ஊரும்.

நவராத்திரி ஊர்வலத்தில் இரண்டு மாநிலப் போலீசாரும் மரியாதை கொடுப்பது ஏன்?

பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போகிறார்கள். தலைநகரம் மாறிய பிறகும் அரசர் தன் சரஸ்வதியை விடாததால் வந்த வழக்கம், சுவாதித் திருநாள் காலத்திலிருந்து நடக்கிறது. அந்தச் சரஸ்வதி கம்பர் பூசித்தது என்பது ஐதீகம். அரண்மனை உடைவாள் முன்னே போகும். முதல் இரவு எங்கள் குழித்துறையில், அடுத்தது நெய்யாற்றங்கரையில். களியக்காவிளையில் தமிழ்நாட்டுப் போலீஸ் வழியனுப்பி, கேரளப் போலீஸ் வரவேற்கும். சாலையோரம் எல்லா வீட்டிலும் தட்டில் பூவும் பழமும் விளக்கும் வைத்துக் காத்திருப்போம். அக்கா பாறசாலையில் அதே சாமிக்கு மறுநாள் தட்டு வைப்பாள்.

சுசீந்திரத்தில் எல்லோரும் எப்போதிலிருந்து உள்ளே போக முடிந்தது?

1936 நவம்பர் 12. திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் கோயில் நுழைவு அறிவிப்பு வெளியிட்ட நாள். அதற்கு முன் 1924ல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காக நடந்த சத்தியாக்கிரகத்தில் பெரியார் சிறை சென்றது தெரிந்திருக்கும். அதே கோரிக்கையோடு சுசீந்திரத்திலும் 1926ல் சத்தியாக்கிரகம் நடந்தது, முன்னின்றவர் டாக்டர் எம்பெருமாள் நாயுடு. 1930ல் மறுபடியும் நடந்தது. வைக்கம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, சுசீந்திரம் இல்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

இத்தனை மதமும் எப்போதும் இணக்கமாகவே இருந்தனவா?

இல்லை. 1982ல் மண்டைக்காட்டு பகவதி கோயிலின் மாசிக்கொடை விழா சமயத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணைக் குழுவும் அமைந்தது. ஊருக்குள் பல வருடம் மீன்கூடை எடுத்து வரும் பெண்களும் கோயிலுக்குப் போகிற பெண்களும் முகம் பார்க்கத் தயங்கினார்கள். பழைய கதைகளை மட்டும் பெருமையாகச் சொல்லிவிட்டு இதை விழுங்கிவிட முடியாது.

ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போகலாம்?

விடிந்ததும் சிதறால். இறங்கி தக்கலை தர்கா, பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சிப் பாறை, உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை. மதியம் நாகர்கோவிலில் நாகராஜா கோயில், கோட்டாறு ஆலயம். நடை திறந்ததும் சுசீந்திரம். சாயங்காலத்தைச் சாமித்தோப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முத்திரிக்கிணற்றில் பதம் விட்டு, அதாவது தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, துண்டைத் தலையில் கட்டுங்கள். கட்டத் தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்கும் யாரிடமும் கேட்கலாம், கட்டிவிடுவார்கள். காணிக்கை கூடாது என்று அய்யாவே சொல்லிவிட்டதால் சில்லறை தேட வேண்டாம். வெளியே வந்தால் எல்லோருக்கும் கொடுக்கும் உம்பான் சோறு என்ற அன்னம் கிடைக்கும். யார் பக்கத்தில் இடம் இருக்கிறதோ அங்கே உட்காருங்கள்.